வாடை வந்த உடல்

இருபத்து மூன்றாவது மாடி வர்ஷா வீட்டு நாய், லிஃப்டில் ஜெசிந்தாவைப் பார்த்து மறுபடியும் குரைத்துவிட்டது என்று புகார் வந்தது. படித்ததும் நவிலனுக்கு வயிற்றைப் புரட்டியது. நாயை நினைத்தல்ல. அது பாவம், லட்டு என்று பெயர் வாங்கிக்கொண்டு கைக்கடக்கமாக இருக்கும் ஒரு பஞ்சுருண்டை. வர்ஷாவையும் அவள் புருஷன் கௌசிக்கையும் நினைத்துத்தான். சாயங்காலம் அந்த இரண்டு பேரும் அடுக்ககச் சங்க அரங்குக்கு வந்து உட்கார்ந்து, தங்களுக்கு எல்லா மனிதரும் ஒன்றுதான் என்று வாய் கூசாமல் சொல்லப் போகிறார்கள். செயலாளர் நாற்காலியில் உட்கார்ந்து அதை அவர் கேட்டாக வேண்டும்.

ஒரு காலத்தில் நாய்ப் புகார் என்றால் தூக்கம் கெடுகிறது, குழந்தை அலறுகிறது, பரீட்சைக்குப் படிக்க முடியவில்லை என்றுதான் வரும். அந்தச் சண்டைகளை ஒழிப்பதற்குத்தான் வெண்மணல் அடுக்ககச் சங்கம் குரைபெயர்ப்பியை வாங்கியது. நாய் ஏன் குரைக்கிறது என்று தெரிந்துவிட்டால், பசியென்றால் சோறு போடலாம், பயமென்றால் கதவைச் சாத்தலாம் என்று வெள்ளந்தியாக நினைத்தார்கள். ஒவ்வொரு நாயின் கழுத்துப்பட்டையிலும் ஒரு பதிவி மாட்டினார்கள். அது குரைப்பையும், குரைத்த நேரத்தில் காற்றில் இருந்த வாடைகளையும் சேர்த்துப் பிடித்துவைக்கும். அரங்கு மேசையில் இருக்கும் பெட்டி அதைச் செய்தி வாசிக்கும் குரலில் தமிழாக்கிச் சொல்லும்.

பெட்டி பேச ஆரம்பித்த பிறகுதான் விஷயம் நாறியது. நாய்கள் பெரும்பாலும் தங்களுக்காகக் குரைக்கவே இல்லை. ஒரு மனிதனுக்கு இன்னொருவனைக் கண்டு அருவருப்பு வந்தால், முகத்தில் முப்பத்திரண்டு பல்லும் தெரியச் சிரித்தாலும், தோலில் ஒரு புளித்த வேர்வை கசிகிறது. மனித மூக்குக்கு அது எட்டாது, நாய்க்கு எட்டும். தன் ஆளுக்குக் குமட்டுகிறது என்று தெரிந்த உடனே, பாவம், அந்த ஆளுக்குப் பதிலாக அது குரைக்கிறது. அடுக்ககத்தின் கதவுகளெல்லாம் ஆளின் வாடையை அறிந்து திறக்கும் மணப்பூட்டுகள் என்பதால் குடியிருப்பவர் அத்தனை பேரின் உடல்வாடையும் ஏற்கெனவே பதிவில் இருந்தது. எனவே பெட்டி ஒவ்வொரு முறையும் இரண்டு பெயர்களைச் சொல்லிவிடும். குரைக்கப்பட்டவர் யார் என்பது ஒன்று. அந்தப் புளித்த வாடை வந்த உடல் யாருடையது என்பது இன்னொன்று.

இதைக் கேட்டு எல்லாரும் பெட்டியைத் தூக்கிக் கடலில் போடச் சொன்னபோது, கூடாது என்று நின்றவர் நவிலன். குரைப்பு விதியை எழுதியவரும் அவர்தான். ஒரே ஆளைப் பார்த்து ஒரு நாய் திரும்பத் திரும்பக் குரைத்தால், யார் உடம்பிலிருந்து வாடை வந்ததோ அவரோடு அந்த நாய் இனி இருக்கக் கூடாது. குரைக்கப்பட்டவர் விரும்பினால் எடுத்துக்கொள்ளலாம், இல்லையென்றால் காப்பகம். நாய் பிடுங்கப்படும் என்ற பயத்திலாவது மனிதர்கள் திருந்துவார்கள் என்று அவர் நம்பினார்.

அவர்கள் எங்கே திருந்தினார்கள்? அத்தரைக் குடம் குடமாகப் பூசிக்கொண்டார்கள். நாயின் மூக்கில் தலைவலித் தைலத்தைத் தடவினார்கள், அந்த ஜீவன்கள் தும்மித் தும்மிக் கண்ணீர் வடித்துக்கொண்டு நடந்தன. பதினெட்டாம் மாடிக்காரர் ஒருவர் தன் நாயை அழைத்துப்போக ஆள் வைத்தார். நாய் ஒரே மாதத்தில் அந்த ஆளைத் தன் ஆளாக வரித்துக்கொண்டு, வீட்டுக்காரரைக் கண்டால் குரைக்க ஆரம்பித்தது. வீட்டுக்காரர் அந்த ஆளை வேலையை விட்டு அனுப்பிவிட்டு, நன்றி கெட்ட உலகம் என்று சங்கக் குழுவில் எழுதிப் புலம்பினார். நவிலன் அதைப் படித்துவிட்டுச் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவைத்தார்.

ஜெசிந்தாவின் குடும்பம் கடற்கரைக் குடும்பம். கடல் ஏறிவந்து குப்பங்களை விழுங்கிய பிறகு, ஒவ்வொரு அடுக்ககத்திலும் கீழ்த்தளங்களை அந்த மக்களுக்கு ஒதுக்க வேண்டும் என்று சட்டம் வந்தது. அப்படி வந்து நான்காம் தளத்தில் இருக்கிறாள். நாற்பத்தைந்து வயதிருக்கும். கடல்பண்ணையில் மீன்கூண்டுகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை. வேலை முடிந்து லிஃப்டில் ஏறும்போது அவள்மேல் மீன் வாடை அடிக்கும், மீனில் வேலை செய்கிறவள்மேல் மல்லிகையா மணக்கும்?

சாயங்காலம் கௌசிக் எதிர்பார்த்தபடியே பேசினான். போன பொங்கலுக்கு ஜெசிந்தா வீட்டுக்குச் சர்க்கரைப் பொங்கல் கொடுத்தனுப்பியதை நினைவூட்டினான். வர்ஷா அவள் பக்கம் திரும்பி இனிக்க இனிக்கச் சிரித்தாள். நவிலன் பெட்டியைத் தட்டினார்.

"குரைக்கப்பட்டவர் ஜெசிந்தா, நான்காம் தளம்," என்றது பெட்டி. "வாடை வந்த உடல் வர்ஷா, இருபத்து மூன்றாம் தளம். நாய் சொல்வது: என் ஆளுக்கு இவளைக் கண்டால் குமட்டுகிறது. போ. போ."

வர்ஷாவின் சிரிப்பு அப்படியே நின்றது. "உடம்பு தானா பண்றதுக்கு நான் என்ன சார் பண்ணுவேன்? சத்தியமா மனசுல ஒண்ணும் இல்ல."

"மனசுல இல்லாததை உடம்பு எங்கேருந்து எடுக்குது மேடம்?" என்று கேட்டார் நவிலன்.

கேட்டுவிட்டு அவருக்கே தன்மேல் ஒரு திருப்தி வந்தது. ஜெசிந்தா லட்டு தனக்கு வேண்டாம் என்றாள், அது குரைக்காமல் இருந்தால் போதும் என்றாள். விதிப்படி அது காப்பகத்துக்குப் போனது. வர்ஷா அழுதுகொண்டே வெளியே போனாள். அழட்டும் என்று நினைத்தார் நவிலன். அந்தக் கண்ணீர்கூட அவருக்கு அருவருப்பாக இருந்தது.

அவர் வீட்டில் இருந்தது பருப்பு. வேகவைத்த துவரம்பருப்பின் நிறத்தில் ஒரு நாட்டு நாய். மனைவி ஹர்ஷிதா இறந்த பிறகு அந்த வீட்டில் அவரைத் தவிர மூச்சுவிடும் ஒரே உயிர் அதுதான். அவர் சோற்றைப் பிசையும்போது எதிரே உட்காரும், செய்தி பார்த்துத் திட்டும்போது காதை ஆட்டிக் கேட்டுக்கொள்ளும். அது யாரைப் பார்த்தும் குரைத்ததே இல்லை. அடுக்ககத்திலேயே நாய் இருந்தும் குரைப்புப் பதிவு இல்லாத ஒரே வீடு என்று சங்கம் அவருக்குச் சால்வைகூடப் போட்டது. வேண்டாம் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே அவர் கழுத்தை நீட்டினார்.

ஆனால் வாரத்துக்கு நான்கு விசாரணை என்று மனிதர்களின் புளித்த வேர்வையிலேயே உட்கார்ந்திருந்தால் என்ன ஆகும்? கருப்பானவனைக் கண்டு குமட்டுகிறவள், வாடகைக்கு இருப்பவனைக் கண்டு குமட்டுகிறவன், பெற்ற தாயின் படுக்கைப்புண்ணைக் கண்டு குமட்டிவிட்டு அவள் காலைத் தொட்டு வணங்குகிறவன். ஒருவன் கொடுத்த காபியை வாங்கக்கூட நவிலனுக்குக் கை கூசியது. ஒருநாள் கௌசிக் லிஃப்டில் ஏறி, கைகூப்பி, "வணக்கம் சார்" என்றான். பருப்பு எழுந்து நின்று அவனைப் பார்த்துக் குரைத்தது.

நவிலன் பதறத்தான் செய்தார். ஆனால் வீட்டுக்கு வந்து யோசித்தபோது, இதில் வெட்கப்பட என்ன இருக்கிறது என்று தோன்றியது. அயோக்கியனைக் கண்டு அருவருப்பது நல்லவனின் குணம்தானே? பருப்புக்குக் கூடுதலாக ஒரு பிஸ்கட் கிடைத்தது.

மறுவாரம் லிஃப்ட் கீழே நின்று ஜெசிந்தா ஏறினாள். கையில் ஈரத்துணிப்பை, நெற்றியில் உப்பு காய்ந்த வெள்ளைக்கோடு. நவிலன் அன்போடு தலையசைத்தார். பருப்பு அவளைப் பார்த்துக் குரைத்தது.

மூடிய லிஃப்டில் அந்தச் சத்தம் காதை அறைந்தது. நவிலனுக்கு வியர்த்துவிட்டது. பையில் மீன் இருக்கிறதல்லவா, அதனால்தான் நாய் மிரள்கிறது என்று ஏதோ சப்பைக்கட்டுக் கட்டினார். ஜெசிந்தா அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"நாய்க்கு மீனுன்னா உசுரு சார்," என்றாள். நான்காம் தளத்தில் இறங்கிப் போய்விட்டாள்.

அதன்பிறகு நவிலன் அவள் வரும் நேரத்தில் லிஃப்ட் பக்கமே போகாமல் பார்த்துக்கொண்டார். அப்படியும் வாசலில் ஒருமுறை, தோட்டத்தில் ஒருமுறை மாட்டிக்கொண்டார். பருப்பு விடவில்லை. கடைசியில் புகார் வந்தது. ஜெசிந்தாவுக்கு அதைக் கொடுக்க மனமே இல்லை என்றும், ஆளுக்கொரு நியாயம் வேண்டாமே என்றுதான் கொடுத்தாள் என்றும் பிறகு தெரிந்தது. செயலாளர் மேலேயே புகார் என்பதால் நவிலன் நாற்காலியை விட்டு இறங்க வேண்டியதாயிற்று. எல்லாரும் சேர்ந்து அதில் உட்காரவைத்தது கௌசிக்கை.

அரங்கு நிரம்பி வழிந்தது. இத்தனை காலம் இவர் கையால் அசிங்கப்பட்டவர்கள் எல்லாரும் பிள்ளைகுட்டியோடு வந்திருந்தார்கள். இந்த அடுக்ககத்தின் போலித்தனத்தைப் பார்த்துப் பார்த்துத் தமக்கு மனிதகுலத்தின்மேலேயே வெறுப்பு வந்துவிட்டது, நாய் அதைத்தான் எல்லார்மேலும் கொட்டுகிறது, இந்தப் பெண்மேல் தமக்குத் தனியாக ஒன்றும் கிடையாது என்று நவிலன் நீளமாகப் பேசினார். நன்றாகவே பேசினார். கௌசிக் மரியாதையாகக் கேட்டுவிட்டுப் பெட்டியைத் தட்டினான்.

"குரைக்கப்பட்டவர் ஜெசிந்தா. வாடை வந்த உடல் நவிலன். நாய் சொல்வது: இவள்மேல் மீன் மணக்கிறது. எனக்குப் பிடிக்கிறது. என் ஆள் மூச்சை அடக்குகிறான்."

யாரோ சிரித்தார்கள். நவிலனுக்குக் காது அடைத்துக்கொண்டது. உண்மைதான். பருப்பு கூட இல்லாத நாட்களிலேயே, லிஃப்டில் அவள் ஏறும்போதெல்லாம் நான்காம் தளம் வரும்வரை அவர் மூச்சை அடக்கியிருக்கிறார். அது அவளுக்குத் தெரியக் கூடாது என்பதற்காகத்தான் அத்தனை அன்பாகத் தலையசைத்திருக்கிறார். உடம்பு தானாகச் செய்கிறது, மனதில் ஒன்றும் இல்லை என்று சொல்ல வாயெடுத்தவர், மூன்றாம் வரிசையில் வர்ஷா காத்திருப்பதைப் பார்த்து வாயை மூடிக்கொண்டார்.

பருப்பைக் காப்பகத்துக்கு எழுதப் போனான் கௌசிக். ஜெசிந்தா எழுந்து நின்றாள்.

"லட்டு அங்க போயி சோறு தண்ணி எறங்காம செத்துப்போச்சாம். இத அங்க அனுப்பாதீங்க, நான் வெச்சிக்கறேன்."

பட்டைக் கயிற்றை அவள் கையில் கொடுத்தபோது நவிலன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. வீட்டுக்கு வந்து சோற்றைப் பிசைந்தார், எதிரே யாரும் இல்லை. கண்ணாடிமுன் முகம் கழுவும்போது அங்கே தெரிந்த ஆளைப் பார்க்கப் பிடிக்காமல் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். இந்த மூஞ்சியை வைத்துக்கொண்டா இத்தனை பேரை விசாரித்தோம் என்று நினைத்து நினைத்துக் குமட்டியது.

நாயைப் பார்க்காமலும் இருக்க முடியவில்லை. தோட்டத்துப் பக்கம் சும்மா போவதுபோல் போனார். பருப்பு அவரைக் கண்டதும் வாலை ஆட்டிக்கொண்டு ஓடிவந்தது. பக்கத்தில் வந்ததும் நின்று, அவரைப் பார்த்துக் குரைத்தது. ஜெசிந்தா வெலவெலத்துப்போய் அதை இழுத்துக்கொண்டு போனாள். அடுத்த முறையும் அப்படியே. அதற்கடுத்த முறையும்.

முதலில் அவருக்கு நெஞ்சு வலித்தது. அன்று படுக்கையில் புரண்டபோது வேறொன்று தோன்றியது. பருப்புக்கு இப்போது ஆள் ஜெசிந்தா. அப்படியென்றால் அவளுக்குத் தன்னைக் கண்டால் குமட்டுகிறது. தானாக வந்து நாயை வாங்கிக்கொண்ட அந்த உத்தமிக்கும் உள்ளே அதே புளித்த வேர்வைதான். எல்லாரும் ஒரே சாக்கடைதான், நாறுவது தான் மட்டுமல்ல. இப்படி நினைத்ததும் பல நாளாக அடைத்திருந்த மூச்சு லேசாக வந்தது. விதிப்படி பருப்பும் தன்னிடமே திரும்பிவிடும். காலையில் முதல் வேலையாக நவிலன் புகார் கொடுத்தார்.

விசாரணைக்கு ஜெசிந்தா பருப்போடு வந்தாள். கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

"எனக்கே பயமா இருக்கு சார்," என்றாள் அவரிடம். "உங்க மேல எனக்கு ஒண்ணும் இல்லன்னுதான் நெனைக்கறேன். ஆனா உள்ள என்ன கெடக்குதோ, அது நமக்கெங்க தெரியுது?"

அவள் மாட்டிக்கொள்ளப் போவதை நினைத்து நவிலனுக்கு நாக்கில் எச்சில் ஊறியது. கௌசிக் பெட்டியைத் தட்டினான்.

"குரைக்கப்பட்டவர் நவிலன். வாடை வந்த உடல் நவிலன்."

பெட்டி பழுதாகிவிட்டது என்று யாரோ சொன்னார்கள். கௌசிக் மறுபடியும் தட்டினான். அதே இரண்டு பெயர்கள்தான் வந்தன, பிறகு நாய் சொன்னது வந்தது.

"என் ஆள் தன்னைக் கண்டு குமட்டுகிறான். அவனைப் பார்த்து நான் குரைக்கிறேன். புது வீட்டில் மீன் தருகிறார்கள். என் ஆள் எப்போது வருவான்?"

அரங்கில் ஒருவரும் சிரிக்கவில்லை. ஜெசிந்தா புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். கௌசிக் விதியை எடுத்து ஒருமுறை வாசித்தான். வாடை வந்த உடலோடு நாய் இருக்கக் கூடாது என்றுதான் இருந்தது, குரைக்கப்பட்டவரும் அதே ஆளாக இருந்தால் என்ன செய்வது என்று இல்லை.

"இப்படி வரும்னு நீங்க எழுதலையே சார்," என்றான். முதல் தடவையாக அவன் குரலில் சர்க்கரை இல்லை.

நாய் ஜெசிந்தாவிடமே இருக்கட்டும் என்று முடிவானது. ஆட்கள் ஒவ்வொருவராக, நவிலனைப் பார்க்காமல், அவரவர் நாயை அவரவர் உடம்பிலிருந்து கொஞ்சம் தள்ளிப் பிடித்துக்கொண்டு கலைந்தார்கள். நவிலன் தன் இருக்கையிலேயே உட்கார்ந்திருந்தார். பருப்பு ஜெசிந்தாவின் கையிலிருந்து பட்டைக் கயிற்றை உருவிக்கொண்டு வந்து, அவர் செருப்பின்மேல் மோவாயை வைத்துப் படுத்தது. படுத்த இடத்திலிருந்தே அவர் முகத்தைப் பார்த்துக் குரைத்தது.