எல்லோரும் வாருங்கள்

குழந்தையின் தூளி தரையைத் தொட்டுக்கொண்டிருந்தது. காலையில் நெய்மி அதை இடுப்பு உயரத்துக்கு இழுத்துக் கட்டிவிட்டுத்தான் வெளியே கிளம்பினாள். வலைக்கயிறு புதியது. சுவரில் அடித்த கொக்கி அசையவில்லை, முடிச்சும் நழுவவில்லை. உள்ளே தூங்குவது பிறந்து சில வாரமே ஆன பெண்குழந்தை, அரிசிப் பை அளவுக்குக்கூடக் கனமில்லாதது. அவள் அவிழ்த்து மறுபடி ஏற்றிக் கட்டினாள். கயிறு முனகிக்கொண்டே மெல்ல இறங்கி, பழைய இடத்துக்கே வந்து நின்றது.

கோயிலிலிருந்து திரும்பி வந்த வழியெல்லாம் மோட்டார் சைக்கிளும் இழுக்கவில்லை. அவள் கணவன் வில்பெர்த் பாதி வழியில் நிறுத்திப் பின் டயரை அமுக்கிப் பார்த்தான். காற்று சரியாகத்தான் இருந்தது. "புள்ள பெத்ததுல நல்லா ஊதிட்டடி நீ," என்று சிரித்துவிட்டு ஏறி உட்கார்ந்தான்.

கோசுமெல் தீவில் கப்பலிலிருந்து இறங்கும் வெளியூர்க்காரர்களுக்கு பழைய மாயா இனத்தாரின் கோயில்களைச் சுற்றிக் காட்டுவது வில்பெர்த்தின் பிழைப்பு. பிள்ளை வரம் கேட்டுப் பெண்கள் கடல் தாண்டி வந்த இஷ்செல் தேவியைப் பற்றித் உருகி உருகிப் பேசுவான். வீட்டில் மனைவி வாயிலிருந்து ஒரு மாயாச் சொல் விழுந்துவிட்டால் மட்டும் அவனுக்கு முகம் சுருங்கிவிடும். காட்டுப் பாஷையை வாசலோடு விட்டுவிட்டு வரச் சொல்வான். அவனைப் பெற்றவளும் அதே பாஷையில் வளர்ந்தவள்தான். அந்த வீட்டில் அதை யாரும் பேசுவதில்லை.

இன்று அவனுக்கு விடுமுறை. அவளுக்குப் பூத்தையல் போட்ட வெள்ளை அங்கியை உடுத்தச் சொல்லி, காட்டுக்குள் இருக்கும் இடிந்த கோயிலுக்கு அழைத்துப் போனான். தன் தொழிலுக்கு விளம்பரப் படம் வேண்டுமாம். அசல் மாயாக்காரி, அசல் குழந்தை. குழந்தையைத் துணிகூட விரிக்காமல் பலிமேடைக் கல்லில் கிடத்தி, வெயில் சாயும்வரை படமெடுத்தான். வேண்டாம் என்று அவள் சொன்னது அவன் காதில் ஏறவில்லை.

பாழடைந்த இடத்தைவிட்டுக் கிளம்பும்போது குழந்தையைப் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும். பெயரைச் சொல்லி, "கோஷ்" என்று சொல்ல வேண்டும். வா, நீயும் நானும் போகலாம். சொல்லாவிட்டால் உடம்புதான் வீட்டுக்கு வரும், உயிர் பின்தங்கிவிடும். நெய்மியின் ஊரில் இது எல்லோருக்கும் தெரியும். ஆனால் எந்தப் பெயரைச் சொல்வாள்? வில்பெர்த்துக்கு பிரிட்டனி என்று வைக்க ஆசை. மாமியார் எல்சிக்குத் தன் பெயரையே வைக்க வேண்டும். நெய்மி மனதில் வைத்திருந்த பெயர் சாசில், வெளிச்சம் என்று அர்த்தம். ஒரே ஒருமுறை அதைச் சொன்னாள். தாயும் மகனும் அன்றைக்குத்தான் முதன்முதலாகச் சேர்ந்து சிரித்தார்கள். சண்டை ஓயாததால் குழந்தை இன்னும் வெறும் பாப்பாதான்.

காவலாளி விசில் ஊதிவிட்டான். கொசு மொய்த்தது. வில்பெர்த் பின்னால் போனில் தலையைப் புதைத்துக்கொண்டு நின்றான். கூப்பிடப் பெயர் இல்லாத ஆத்திரத்தில் அவள் குழந்தையையும் அவனையும் சேர்த்து ஒரே சொல்லில் கூப்பிட்டாள். "கோனேஷ்."

எல்லோரும் வாருங்கள், போகலாம்.

அவன் நிமிரவில்லை. காடுதான் சட்டென்று அடங்கியது, சில்வண்டுகூட. அப்போது அவள் அதை நின்று கவனிக்கவில்லை.

இப்போது, தூளியருகே நின்றபோது, அது நினைவுக்கு வந்தது. அறையில் ஈரச் சுண்ணாம்பும் குங்கிலியமும் கலந்த வாடை எழுந்தது. அடுக்களையில் அத்தை பீன்ஸ் தாளிக்கும் வாசனையையும் அது அமுக்கிவிட்டு, கோயில் கல்லிடுக்கில் மூக்கை வைத்ததுபோல் நெருங்கி வந்தது. மின்சாரம் போனது. மின்விசிறி சுற்றி ஓய்ந்தபின், அது மறைத்து வைத்திருந்த சத்தம் கேட்டது. உறிஞ்சும் சத்தம். குழந்தை வாய் மூடித் தூங்கிக்கொண்டிருந்தது. அவள் மார்பில் பால் தானாகக் கசிந்து அங்கியின் பூத்தையலை நனைத்தது. சத்தம் தூளிக்குள்ளிருந்து வந்தது. தூளிக்கு அடியிலிருந்தும் வந்தது.

மெழுகுவத்தியோடு அத்தை வந்தாள். தரையைத் தொடும் தூளியைப் பார்த்தாள், வாடையை முகர்ந்தாள், அங்கேயே நின்றுவிட்டாள்.

"அங்க என்னன்னுடி கூப்பிட்ட?" கேட்டது மாயாவில். அந்த வாயிலிருந்து அந்தப் பாஷையை நெய்மி முதல்முறையாகக் கேட்டாள். அதுதான் அவளை அதிகம் பயமுறுத்தியது.

"கோனேஷ்னு கூப்பிட்டேன் அத்தை."

"எல்லாரையுமா?" அத்தை மெழுகுவத்தியை உயர்த்தினாள். "வரம் கேட்டு வந்தவளுக பெத்ததெல்லாம் பொழச்சுதா? பேரு வைக்கிறதுக்குள்ள செத்ததெல்லாம் எங்க கெடக்குன்னு நெனச்ச? கூப்பிட ஆளில்லாம அங்கதான் கெடந்துச்சுங்க. நீ போயி வாங்கன்னுட்ட."

இனி என்ன செய்வது என்று நெய்மி கேட்டாள்.

"உம்புள்ளைய மட்டும் பேரு சொல்லிக் கூப்பிடு. பேரு உள்ளது தங்கும். மத்ததெல்லாம் போயிரும்." கிழவி அந்த நேரத்திலும், "எல்சின்னு கூப்பிடு," என்றாள்.

வெளியே வாசலில் வில்பெர்த் படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்துக்கொண்டு, தனக்கும் ஒரு மெழுகுவத்தி கொண்டுவரச் சொன்னான்.

சுமந்தவள் நெய்மி. வலித்தவள் அவள். ஒரு பெயர் வைக்க மட்டும் உரிமையில்லை. இப்போதாவது யாரையும் கேட்கப்போவதில்லை. தூளியின் மேல் குனிந்தாள்.

"சாசில்," என்றாள். "கோஷ்."

உறிஞ்சும் சத்தம் நின்றது.

கயிறு முனகியது. தூளி மேலே எழும்பியது. முழங்கால் உயரம். இடுப்பு உயரம். கனமெல்லாம் இறங்கிவிட்டது. அவளுக்கு அழுகை முட்டியது, நிம்மதியில்.

தரையில் ஏதோ தவழ்ந்தது. கட்டிலுக்கு அடியில் ஒன்று. அலமாரி ஓரம் ஒன்று. கதவுக்குப் பின்னால். அத்தையின் காலடியில். அத்தை கையிலிருந்த வெளிச்சம் அவற்றின் மேல் விழுந்தது. சுண்ணாம்பு நிறம். சின்னச் சின்னத் தலைகள். அவை ஒவ்வொன்றாக நிமிர்ந்து, அவள் முகத்தைப் பார்த்தன. தன்னைத்தான் கூப்பிட்டாள் என்று ஒவ்வொன்றும் நினைத்தது. தனக்கும் ஒரு பெயர் கிடைத்துவிட்டது என்று.

"சாசில்," என்றாள் மறுபடியும், அழுதுகொண்டே.

எல்லாம் அவளிடம் வந்தன. வாயைத் திறந்துகொண்டு வந்தன.

தூளியில் கிடந்தது மட்டும் திரும்பவில்லை. இந்த ராத்திரிக்கு முன் அந்தப் பெயரை அதனிடம் யாரும் சொன்னதே இல்லை, அது தன்னுடையதென்று அதற்குத் தெரியாது.