பாய்லர் பலகை

கழற்றிப் பூட்டி வைத்த பலகை மறுபடியும் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது.

லூர்துசெல்வி கேட் ஆபீஸ் ஜன்னல் வழியாக அதைப் பார்த்தாள். எந்த வேலைக்கு ஆள் தேவையோ அந்த வேலையின் பெயர் எழுதிய பலகையை மில் வாசல் சுவரில் மாட்டுவதும், ஆள் கிடைத்ததும் எடுத்துவிடுவதும்தான் அவள் உத்தியோகம். ஆள் எடுத்த பிறகும் பலகை தொங்கினால், அரியாங்குப்பத்திலிருந்து ஆற்றைத் தாண்டி சைக்கிள் மிதித்து வருகிறவன் சும்மா விடுவானா? அதனால் மில்லில் ஒரு வழக்கம் இருந்தது. வேலை கிடைத்தவன் தன் கையாலேயே பலகையைக் கழற்றி ஜன்னல் வழியாக நீட்ட வேண்டும். அவள் வாங்கிக்கொண்டால் வேலை அவனுடையது.

தொங்கிய பலகையில் 'பாய்லர்' என்று எழுதியிருந்தது. அது அவள் புருஷன் அமலநாதனின் வேலை.

அதற்கு முன் பாய்லரில் இருந்தவன் பக்கிரி. குழாய் வெடித்து ஆவியில் வெந்துபோனான். பிணம் வீடு போய்ச் சேருவதற்குள் பலகை ஏறியாக வேண்டும் என்றார்கள், அவள்தான் மாட்டினாள். வேலையில்லாமல் வீட்டில் கிடந்த அமலநாதனுக்கு அது கிடைத்தது. நீராவி குறையக்கூடாது என்று மேஸ்திரி நாராயணசாமி அவனைக் கையைப் பிடித்து உள்ளே இழுத்துப்போக, சந்தோஷத்தில் அவளே போய்ப் பலகையைக் கழற்றிவிட்டாள். யார் கழற்றினால் என்ன?

குடையை விரித்துக்கொண்டு வெளியே போனாள். ஐப்பசி மழை தகரக் கூரையில் கொட்டிக்கொண்டிருந்தது, நனைந்த பஞ்சும் கரிப்புகையும் கலந்து மணத்தது, அதற்கும் அடியில், கோழியைச் சுடுதண்ணீரில் முக்கி இறகு பிடுங்கும்போது வருமே, அந்த வாடை லேசாக மூக்கில் ஏறியது. பலகையைத் தொட்டாள். அந்த மழையிலும் அது சுட்டது.

உள்ளே வந்து டிராயரில் போட்டுப் பூட்டினாள். சாவியை ரவிக்கைக்குள் செருகிக்கொண்டாள். பயமாக இருந்தது, வெட்கத்தை விட்டு யாரையாவது கூப்பிடலாமா என்றுகூடத் தோன்றியது. ஷிப்ட் முடிகிற நேரம், இதோ பாய்லரிலிருந்து அமலநாதன் சங்கு ஊதிவிடுவான், சேர்ந்தே வீட்டுக்குப் போய்விடலாம். அவன் ஒரே இழுப்பாக ஊதுவான். பக்கிரிதான் நீளமாக ஊதி முடித்து, கடைசியில் குட்டியாக ஒன்று சேர்ப்பான். 'வால் வெச்ச சங்கு' என்று ஊரே கேலி பண்ணும்.

சங்கு ஊதவில்லை.

வெளியே ஈரக் கால்கள் நடந்துவரும் சத்தம் கேட்டது. ஜன்னலுக்குக் கீழே, வெளிச்சம் படாத இடத்தில், நின்றது.

"யம்மா, வேல இருக்குதா?"

"ஆளு எடுத்தாச்சுப்பா. அடுத்த வாரம் வந்து பாரு."

"பலக தொங்குதேம்மா."

"அத நான் கழட்டிட்டேன்."

"நீ கழட்டுனா ஆச்சா? எடுத்த ஆளு இல்ல கழட்டணும்?" குரல் கெஞ்சியது. "எனக்கு மூணு புள்ளைங்கம்மா. என் வேலதானே அது."

அது யார் குரல் என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. சேசுவே! டிராயரைத் திறந்தாள்.

காலி.

வாசல் சுவரைப் பார்த்தாள். ஆணி மட்டும் இருந்தது.

ஜன்னல் கம்பிகளுக்கு நடுவே ஒரு கை வந்தது. வெளுத்து, உப்பி, தோல் ஒரு கையுறை போல நழுவிய கை. அதில் பலகை. வேண்டாம் என்று சொல்ல நினைத்தாள். பழகின கை. தானாக நீண்டு வாங்கிக்கொண்டது.

"வர்றேம்மா. ஷிப்டுக்கு நேரமாச்சு."

ஈரக் கால்கள் மில்லுக்குள் போயின.

பலகை அவள் விரல்களில் ஒட்டிக்கொண்டது. உதறினாள். விழவில்லை.

சங்கு ஊதியது. நீளமாக. நின்றது.

குட்டியாக இன்னொன்று.

"ஏங்க..." என்றாள்.

மழைக்குள் வேறு யாரோ நடந்துவந்தார்கள். மெதுவாக. ஜன்னலுக்கு முன்னால், வெளிச்சத்திலேயே நின்றார்கள். காலையில் அவள் தேய்த்துக் கொடுத்த காக்கிச் சட்டை. சட்டையிலிருந்து ஆவி பறந்தது. முகம் முழுக்க வெந்திருந்தது. கண்கள் அவளை முன்னே பின்னே பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

"யம்மா," என்றான் அமலநாதன். "வேல ஏதாச்சும் இருக்குதா?"