வியாழக்கிழமை கிளினிக்

"இது என்னடி?"

விடிந்தும் விடியாததுமாக அங்கம்மா போட்ட சத்தத்தில் பக்கத்துக் காம்பரா வீட்டின் ரேடியோகூட அடங்கிவிட்டது. தேயிலைத் தோட்டத்து லயத்தில் ஒரு வீட்டுச் சண்டை என்றால் வரிசையிலுள்ள பன்னிரண்டு வீட்டுக்கும் காலைச் செய்தி மாதிரிதான்.

கொழுந்து பறிக்கப் போக இடுப்பில் படங்குச் சாக்கைச் சுற்றிக்கொண்டிருந்த யசோதினி திரும்பிப் பார்த்தாள். மாமியாரின் கையில் சின்ன வெள்ளைக் காகித உறை! பேத்தியின் தலைக்கு ரிப்பன் தேடப்போன அங்கம்மா, மருமகளின் சேலைப் பெட்டியை அடிவரை கிண்டிவிட்டாள்.

"அதானே பாத்தேன்! புள்ளைக்கு ஆறு வயசாச்சு, இன்னொண்ணு தங்கலியேன்னு நா கதிர்காமத்துக்கு நேந்துக்கிட்டுக் கெடக்கேன்... மகாராணி இங்க புள்ள தங்காம இருக்க மாத்திர போட்டுக்கிட்டு இருக்கா!"

"ஐயோ மாமி, அது அந்த மாத்திர இல்ல..."

"அப்ப என்ன மாத்திர? யாருக்கு? சொல்லு!"

யசோதினி உறைக்குக் கை நீட்டினாள். அங்கம்மா கொடுக்கவில்லை.

சொல்ல முடிந்தால் அவள் ஏன் மறைத்து வைக்கப் போகிறாள்? அது மாமனார் மாடசாமியின் மாத்திரை. முப்பது வருஷம் மலையில் ஆட்களை வேலைவாங்கும் கங்காணியாக இருந்தவர். மலை உச்சியிலிருந்து அவர் ஒரு குரல் கொடுத்தால் கீழே ஆற்றங்கரை வரை கேட்கும். பென்ஷன் ஆன பிறகு அந்தக் குரல் எங்கே போனதோ தெரியவில்லை. இருட்டோடு எழுந்து சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிடுவார். வயிறு எரிகிறது என்பார், முதுகு வலிக்கிறது என்பார். இஞ்சிக் கஷாயமும் தோட்டத்து டிஸ்பென்சரி மருந்தும் உள்ளே போனதுதான் மிச்சம்.

நாலு மாதத்துக்கு முன், சிங்களம் நன்றாகப் பேசுகிறவள் என்று யசோதினிதான் அவரைப் பதுளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். வயிற்றில் ஒன்றுமில்லை என்று வேறொரு அறைக்கு அனுப்பினார்கள். அங்கே இருந்த கேசினி டொக்டர் யாழ்ப்பாணத்துப் பெண். வயிற்றைப் பற்றி அவள் கேட்கவே இல்லை.

"ஐயா, காலமை எழும்பேக்க என்ன நினைப்பு வரும்?"

"எந்திரிக்காமலே போயிருந்தா நல்லாருக்கும்னு தோணுது தாயி..." என்றவர், தோளில் கிடந்த துண்டால் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார். யசோதினி அவர் அழுது பார்த்தது அன்றுதான்.

டொக்டர் மனசுக்கென்று கொடுத்த மாத்திரையோடு திரும்பி வரும்போது பஸ் ஸ்டாண்டில் யசோதினியின் கையைப் பிடித்துக்கொண்டார். "லயத்துல யாருக்கும் தெரியக் கூடாது யசோ. அங்கம்மாவுக்கும் கூடாது, ரமேஸுக்கும் கூடாது. கங்காணிக்கு மண்ட கொழம்பிருச்சும்பாங்க. தெரிஞ்சா நா உசிரோட இருக்க மாட்டேன். ஒம்மக தலைல அடிச்சுச் சத்தியம் பண்ணு!"

வேறு யாராவது சொல்லியிருந்தால் பேச்சுக்குச் சொல்கிறார் என்று விட்டிருப்பாள். அந்த அறையில் அவர் சொன்னதைக் கேட்டவள் அவள். வீட்டில் எல்லாருக்கும் அது 'வயித்து மருந்து' ஆனது. ஆங்கிலம் எழுத்துக்கூட்டத் தெரிந்த புருஷன் கண்ணில் படாமல், உறை சேலைப் பெட்டிக்குள் போனது. இப்போது வயித்து மருந்து என்றால் ஏன் ஒளித்தாய் என்பார்கள்; டிஸ்பென்சரியில் காட்டிக் கேட்டால் எல்லாம் வெளியாகிவிடும்.

ஓட்டோவைத் துடைத்துக்கொண்டிருந்த ரமேஸ் உள்ளே வந்தான். உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். அதில் எழுதியிருந்த மருந்தின் பெயர் அவனுக்கும் விளங்கவில்லை.

"அம்மா சொல்றது நெசமா யசோ?"

யசோதினி இடுப்புப் படங்கின் முடிச்சை அவிழ்த்தாள்.

"வேணாம்னா வேணாம்னு எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே... நா என்ன ஒன்ன அடிக்கவா போறேன்?"

மாமியாரின் ஏச்சைவிட இந்தத் தணிந்த குரல்தான் யசோதினியை அறுத்தது.

"கல்லுளிமங்கி! லுணுகலைக்கு ஏழு மணிக்கு பஸ் இருக்கு. போ ஒங்க அம்மா வீட்டுக்கு!" என்றாள் அங்கம்மா.

யசோதினி இரண்டு சேலையை எடுத்துப் பையில் வைத்தாள். கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. போகச் சொன்னதற்காக அல்ல. இன்று ராத்திரி மாமாவுக்கு மாத்திரையை யார் எடுத்துக் கொடுப்பார்கள்?

"அவ எங்கயும் போக மாட்டா!"

பின்கதவில் மாடசாமி நின்றார். போஞ்சிக்காய்ப் பாத்தியில் வேலை செய்த மண் கையில் அப்படியே இருந்தது. அந்தக் குரலைக் கேட்டு எத்தனை மாதமாயிற்று!

"அந்த மாத்திர எனக்கு."

"என்னங்க சொல்றீங்க?"

"எனக்குத்தான் அங்கம்மா. வயித்துல ஒண்ணுமில்ல, மனசுலதான் வருத்தம். நாந்தான் இந்தப் புள்ளகிட்ட சத்தியம் வாங்கிட்டேன். எம்மானத்தக் காப்பாத்த இவ மானத்த விட்டுட்டு நிக்கிறா..."

நாலு மாதத்துக்கு முன்பென்றால் இந்தச் சண்டை காதில் விழுந்தும் அவர் சுவரைப் பார்த்தபடியே இருந்திருப்பார். மருந்து வேலை செய்கிறதா என்று இனி யாரும் கேட்க வேண்டியதில்லை.

அங்கம்மா நம்பாமல் மருமகளைப் பார்த்தாள். "மனசுக்கு மாத்திரயா? அது என்ன நோவு?"

யசோதினி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "எந்த வயசுலயும் வருமாம் மாமி. வயசானவங்களுக்கு வயித்துவலி, முதுகுவலின்னு வருமாம். படிக்கிற புள்ளைங்களுக்கு எரிச்சலும் கோவமுமா வருமாம். புள்ள பெத்தவங்களுக்கும் வருமாம்... பெத்த புள்ளயத் தூக்கக்கூட மனசு வராதாம். மருந்தெடுத்தா நல்லாயிரும்னு டொக்டர் சொன்னாங்க."

அங்கம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"ரமேஸு பொறந்து மூணு மாசம்... பால் குடுன்னா செவுத்துப் பக்கம் திரும்பிப் படுத்துக்குவேன். பேய் புடிச்சிருச்சுன்னு சாமியாடி வந்து வேப்பங்கொழையால அடிச்சாரு. நீங்கதானே கூட்டிட்டு வந்தீங்க!"

"நாந்தான்..." மாடசாமி அவள் எதிரே குந்தினார். "அடி வாங்கிக்கிட்டு என்னய ஒரு பார்வ பாத்த. அத நா மறக்கல. தெரியாமப் போச்சு அங்கம்மா... மன்னிச்சிரு."

அங்கம்மா அவர் பக்கம் திரும்பாமல் மருமகளை இழுத்து மார்போடு கட்டிக்கொண்டு ஓவென்று அழுதாள். "எனக்கு ஒரு மாத்திர வாங்கித் தர அன்னிக்கு ஒரு ஆளில்லையேடி... நீ வாங்கிக் குடுத்திருக்க. ஒன்னப் போயி தொரத்தப் பாத்தேனே!"

ரமேஸ் பையிலிருந்த சேலைகளை எடுத்து, மடிக்கத் தெரியாமல் மடித்துப் பெட்டிக்குள் வைத்தான்.

அடுத்த வியாழக்கிழமை கிளினிக் நாள். ஓட்டோவில் கொண்டுபோய் விடுகிறேன் என்றான் ரமேஸ். பஸ்ஸிலேயே போகலாம் என்றாள் அங்கம்மா. கதிர்காமத்துக்குக் கட்டுகிற சேலையைக் கட்டிக்கொண்டு புருஷன் பக்கத்தில் உட்கார்ந்தாள். யசோதினி பின் சீட்டில். பசறை தாண்டியதும் யாரோ கேட்டார்கள், "என்ன கங்காணியாரே, குடும்பத்தோட எங்க பயணம்?"

"சும்மா, வயித்து..." என்று மாடசாமி இழுத்தார்.

"கிளினிக்குக்கு!" என்றாள் அங்கம்மா. அவள் குரலைப் பற்றித்தான் தெரியுமே. "எங்க வீட்டுக்காரருக்கு மனசு சரியில்லாம இருந்துச்சு. மருந்தெடுக்குறோம். இப்ப நல்லாயிருக்காரு."

முன் சீட்டிலிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். மாடசாமி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார், ஆனால் தலையைக் குனியவில்லை. கொஞ்ச நேரத்தில், பசறையில் துணிக்கடை வைத்திருக்கும் ரிஸ்கா பின்னாலிருந்து எழுந்து வந்து அங்கம்மாவின் காதருகே குனிந்தாள்.

"அக்கா, அந்த டொக்டர் என்ன கிழமையில இருப்பாங்க? எங்க மக பரீட்ச முடிஞ்சதுலருந்து அறைய விட்டே வெளிய வர்றதில்ல..."

"வியாழக்கிழமதான். இன்னிக்கே எங்களோட வாங்க, மருமக எடத்தக் காட்டுவா" என்று சொல்லிவிட்டு, புருஷனை நெருக்கிக்கொண்டு அங்கம்மா அவளுக்கு இடம்விட்டாள்.