காணாமல் போன பின்மூடி

காலை எட்டு மணிக்குப் பிரமிளா கதவைத் திறந்தாள். துப்பாக்கி இருந்தது. அதன் பின்மூடியைத்தான் காணோம்.

ஈப்போவுக்கு வெளியே, பழைய ரப்பர் தோட்டத்து ஆபீசை முன்னாள் ராணுவத்தினர் காட்சிக்கூடமாக்கியிருந்தார்கள். பத்து மணிக்குத் திறப்பு விழா. நடுவில் மணல் மூட்டைகள்மேல் பின்னுதைப்பற்ற துப்பாக்கி. வெடிவாயுவைப் பின்பக்கமாக வெளியேற்றிவிடுவதால் சுடுபவரின் தோளை அது உதைக்காது. பின்னால் நிற்பவர் பாடுதான் அதோகதி.

சாவி மூவரிடம் இருந்தது. கமிட்டி யோசிக்கவே இல்லை. கூட்டித் துடைக்கும் பிரமிளாவின் தலையில் பழியைப் போட்டுவிட்டது.

“நேத்து சாயந்தரம்தான் தரைக்கு மெழுகு போட்டுப் பூட்டுனேன் புவான். இந்த வேலையும் போச்சுன்னா புள்ளைங்களுக்குச் சோறு?” விசாரிக்க வந்த இன்ஸ்பெக்டரம்மாவிடம் பிரமிளா அழுதாள்.

இன்ஸ்பெக்டர் விமலா குனிந்து தரையைப் பார்த்தாள். துப்பாக்கிக்குப் பின்னால் தாராளமான இடம். மெழுகில் ஒரு கீறல்கூட இல்லை. வலப்பக்கம், சுவரோர இடுக்கில்தான் சப்பாத்துத் தடங்கள். கூடவே ஒரு முழங்கால் தடம்.

மற்ற இரு சாவிக்காரர்களும் வந்தார்கள். ஒருவர் ஜெயபாலன், ராணுவத்தில் அந்தத் துப்பாக்கியால் சுட்டவர். சுவரெல்லாம் அவர் படம். இன்னொருவர் மகேந்திரன், அவர் சுடுவதற்காக அதில் குண்டு போட்டவர். படத்தில் அவருடைய முழங்கை மட்டும் தெரிந்தது.

“மூணு பேரும் கிட்ட வந்து, மூடி இருந்த இடத்தக் காட்டுங்க.”

பிரமிளா நேரே பின்னால் போய் நின்றாள். ஜெயபாலன் இடப்பக்கம் வந்தார். மகேந்திரன் வலப்பக்க இடுக்கில் நுழைந்தார். முழங்கால் தானாக மடங்கியது.

“மூடி எங்கண்ணே?” என்றாள் விமலா.

“என்னையா கேக்கிறீங்க?”

“பின்னால நின்னா சுலபமாக் கழட்டலாம். அங்க ஒரு தடமும் இல்ல. பின்னால நிக்கவே கூடாதுன்னு பழகுனவர்தான் இப்படி இடுக்குல போவாரு. சுடுறவர் இடம், குண்டு போடுறவர் வலம். இப்பவும் அங்கதானே முட்டி போட்டிருக்கீங்க?”

மகேந்திரன் முகம் சிவந்தது.

“ஆமா, வயிறு எரிஞ்சுச்சு! பேப்பர்ல அவன், சுவத்துல அவன். ஒவ்வொரு தடவையும் மூடியத் தெறந்து குண்டு போட்டது யாரு? என் பங்கத்தான் எடுத்தேன். மிச்சக் குழாய வச்சி அவன் சுட்டுக் காட்டட்டும்லா!”

விமலா பிரமிளாவைக் காட்டினாள்.

“உங்கள யாரும் கண்டுக்கலன்னு எரிஞ்சீங்க. பழி இவங்க மேல விழுந்தப்ப, நீங்க இவங்களக் கண்டுக்கிட்டீங்களா?”

மகேந்திரன் அப்போதுதான் பிரமிளாவைப் பார்த்தார். அவள் இன்னும் அழுதுகொண்டிருந்தாள்.