வரிசையின் கடைசிக் குழாய்

குளோவிஸும் வாண்டாவும் வடக்கு டகோட்டாவுக்கு வந்து சேர்ந்தபோது மதியம் மூன்று மணிக்கே வெளிச்சம் மங்கத் தொடங்கியிருந்தது. இருவரும் லூசியானாவின் சதுப்பு நிலத்துக்காரர்கள். எண்ணெய்க் கிணற்றில் வேலை கிடைத்ததும், குடியிருந்த பழைய டிரெய்லர் வீட்டை டிரக்கின் பின்னால் மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். எங்கள் பக்கத்துக் குளிர் அவர்களுக்குத் தெரியாது. தெரிந்தாலும் வந்திருப்பார்கள், வேலை இல்லாதவன் எங்கேதான் போகமாட்டான்?

டிரெய்லர்கள் ஒரே வரிசையில் நின்றன. அதன் கடைசியில் ஓர் இடம் மட்டும் காலியாக இருந்தது.

"இதை விட்டா உனக்கு வேற கதி இல்ல தம்பி" என்றார் இடத்தைப் பார்த்துக்கொள்ளும் டெல்பர்ட். "வாடகை கம்மி. ஆனா இந்த வரிசைக்கே தண்ணி உன் கையிலதான் இருக்கு."

அவர் சொன்னது இதுதான். இந்த இடத்தைக் கட்டிய கஞ்சன் தண்ணீர்க் குழாயை ஆழமாகப் புதைக்கவில்லை. எல்லா டிரெய்லருக்கும் அந்த ஒரே குழாய்தான். நின்ற தண்ணீர் உறைந்துவிடும், ஓடுகிற தண்ணீர் உறையாது. ஆகவே குளிர்காலம் முடியும்வரை கடைசி வீட்டின் சமையலறைக் குழாய் பென்சில் தடிமனுக்கு ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். ஓடும் தண்ணீர் டிரெய்லரின் அடியில் உள்ள அழுக்குத் தொட்டியில் நிறையும். தொட்டியின் வால்வைத் திறந்தே வைத்தால் ஒழுகும் தண்ணீர் வடிகுழாயில் கட்டியாகி அடைத்துக்கொள்ளும். அதனால் வால்வை மூடிவைத்து, தொட்டி நிறைந்ததும் அடியில் தவழ்ந்து போய்த் திறந்து, ஒரே பாய்ச்சலில் காலி செய்துவிட்டு மறுபடி மூட வேண்டும். கைக்குழந்தைக்காரிக்கு வாய்க்கிற தூக்கம்தான் கடைசி வீட்டுக்காரனுக்கும் வாய்க்கும்.

"வரிசை உறைஞ்சா, உறைய விட்டவன் வண்டியைக் கட்டிக்கிட்டுப் போகணும். அது இங்க சட்டம்" என்றார் டெல்பர்ட். "மொதல்ல வண்டிக்குப் பாவாடை கட்டுங்க."

"எம் பொண்டாட்டிக்கே நான் பாவாடை வாங்கிக் குடுத்ததில்ல, வண்டிக்கு வாங்கணுமாண்ணே?" என்று குளோவிஸ் சிரித்தான்.

அடிப்பக்கம் காற்று புகாமல் சுற்றிலும் பலகை அடிப்பதைத்தான் எங்கள் பக்கம் பாவாடை என்போம். வரிசையே திரண்டு வந்து கட்டிக்கொடுத்தது. பலகைக்கு வெளியே வைக்கோல் கட்டுகளை அடுக்கி, அதன்மேல் பனியை வாரி மேடாகக் கொட்டினார்கள். உள்ளே தவழ்ந்து போக மட்டும் ஒரு சின்னக் கதவு, வெளிப்பக்கம் கொக்கியுடன். பக்கத்து வீட்டு லோர்னா ஆளுக்கொரு கோப்பை காப்பி கொண்டுவந்தாள். ஊர்பேர் தெரியாதவர்களுக்கு இத்தனை உபசாரம் எதற்கு என்று வாண்டா அப்போதே யோசித்திருக்க வேண்டும்.

"இங்க முன்னாடி யாரு இருந்தாங்க?" என்று கேட்டாள்.

"ஆர்விட்னு ஒரு கிழவன். தெற்கே போயிட்டான்" என்றாள் லோர்னா.

எங்கள் பக்கம் குளிர்காலத்தில் முடிந்தவர்கள் எல்லாரும் தெற்கே வெயிலைத் தேடிப் போவார்கள். அதனால் வாண்டாவுக்கு அந்தப் பேச்சில் ஒன்றும் தவறாகத் தோன்றவில்லை. தெற்கு யாருடைய திசை என்று உங்களுக்குத் தெரியும், அவளுக்குத் தெரியாது.

குளோவிஸ் கிணற்றுக்குப் போனான். இரண்டு வாரம் அங்கேயே தங்கல், பிறகு இரண்டு வாரம் வீடு. வாண்டா கடிகாரத்தில் அலாரம் வைத்துக்கொண்டு, புருஷனின் கோட்டை மாட்டிக்கொண்டு, பாவாடைக்குள் தவழ்ந்து போய் வால்வை இழுத்தாள். உள்ளே வைக்கோலும் ஈர மண்ணும் நாறின. கைப்பிடியின் இரும்பு கையுறையைத் தாண்டிச் சுட்டது. குளிரும் சுடும் என்பது அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது.

கடுங்குளிர் தொடங்கிய வாரத்தில் ஒருநாள் அசந்து தூங்கிவிட்டாள். விழித்தபோது பொழுது விடிந்திருந்தது. தொட்டி வழிந்து குளியலறையெல்லாம் அழுக்குத் தண்ணீராக நிற்கும் என்று பதறி ஓடினாள். ஒன்றும் வழியவில்லை. தொட்டி காலியாக இருந்தது, வால்வும் மூடியிருந்தது. யாரோ புண்ணியவான் உதவியிருக்கிறான் என்று நினைத்துக்கொண்டாள்.

மறுநாளும் அப்படியே நடந்தது.

அதன் பிறகு சத்தமும் கேட்கத் தொடங்கியது. வைக்கோல்மேல் முழங்கையை ஊன்றி யாரோ உடம்பை இழுத்துக்கொண்டு போகும் சத்தம். ஒரு வறண்ட இருமல். கைப்பிடி இழுபடும் ஓசை, பின் தண்ணீரின் பாய்ச்சல். பாத்திரம் கழுவும் தொட்டியின் துளை வழியாக ஈரக் கம்பளியும் மெல்லும் புகையிலையும் கலந்த வாடை வந்தது. வேறொருத்தியாக இருந்தால் அலறியிருப்பாள். வாண்டா களைத்துப் போயிருந்தாள். வேலை நடந்தால் சரி என்று போர்வையை இழுத்துக்கொண்டு தூங்கினாள். தூக்கத்துக்காக மனுஷர்கள் எதையும் சகித்துக்கொள்வார்கள்.

ஒரு மத்தியானம் லோர்னா உருளைக்கிழங்கு சூப்போடு வந்தாள்.

"முகம் தெளிவா இருக்கே. தூங்குறியா நீ?"

"நல்லாத் தூங்குறேன். உங்க வீட்டுக்காரர்தானே வந்து வால்வைத் திறந்து விடுறாரு? அவருக்கு ஒரு நாள் விருந்து வைக்கணும்."

லோர்னா கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தாள்.

"எம் புருஷன் முதுகு ஒடிஞ்சு ஆறு மாசமாப் படுத்துக் கிடக்குறான்" என்றாள். அப்புறம் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "ஆர்விட் தெற்கே போகல, வாண்டா."

போன குளிர்காலத்தில் ஒரு புயல் நாள். கிழவன் வால்வைத் திறக்க அடியில் போனான். காற்று அறைந்து கதவு மூடி, கொக்கி தானாக விழுந்துவிட்டது. மேலே பனி மூடியது. அவன் தண்ணீர்க் குழாயைத் தட்டினான். குழாய் ஒன்றுதானே, எல்லார் வீட்டுச் சமையலறையிலும் அந்தத் தட்டல் கேட்டது.

"எங்க எல்லாரையும் ஒவ்வொருத்தரா பேர் சொல்லிக் கூப்பிட்டான்."

"நீங்க போகலியா?"

"வெளிய மைனஸ் நாப்பது. பக்கத்து வீட்டுக்காரங்க போவாங்கன்னு நாங்க நெனச்சோம். நாங்க போவோம்னு அவங்க நெனச்சாங்க."

மறுநாள் திறந்து பார்த்தார்கள். ஷெரீஃப் வந்தால் இடத்தை இழுத்து மூடிவிடுவான், நடுக்குளிரில் எல்லாரும் தெருவில்தான் நிற்க வேண்டும். ஆகவே கதவை மூடிப் பனியைத் தள்ளிவிட்டு, அவன் வீட்டுக் குழாயை முறைவைத்துக் கவனித்துக்கொண்டார்கள். பனி உருகியதும் எடுத்துப் புதைக்கலாம் என்று டெல்பர்ட் சொன்னார். வசந்தத்தில் அவன் டிரெய்லரை இழுத்து அப்புறப்படுத்தத் திறந்தபோது ஆளைக் காணவில்லை. வைக்கோலில் ஆள் படுத்த பள்ளம் மட்டும் இருந்தது.

"மனுஷங்களாடி நீங்கள்லாம்?" என்று வாண்டா கத்தினாள்.

"ஒரு குளிர்காலம் இங்க இருந்து பாரு. அப்புறம் வந்து கேளு." லோர்னா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "இதை மட்டும் கேட்டுக்கோ. புயலடிச்சா அது கூப்பிடும். நீங்க வர்றதுக்கு முன்னாடி எம் புருஷன் குரல்ல கூப்பிட்டுச்சு, அவன் என் கண்ணு முன்னாடி படுத்திருக்கான். யார் குரலா இருந்தாலும் போயிடாதே. ரேடியோவைச் சத்தமா வச்சுக்கோ."

புயல் அந்த வாரமே வந்தது. மத்தியானத்துக்குள் ஜன்னலுக்கு வெளியே எல்லாம் வெள்ளையாகி, நான்கு மணிக்கெல்லாம் கறுப்பாகியது. தொலைபேசி செத்துப்போனது. வாண்டா சிவப்பு பீன்ஸை அடுப்பில் ஏற்றினாள். காற்றில் டிரெய்லர் ஆடியது. குழாய் பென்சில் தடிமனுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

தட்டல் கேட்டது.

காலுக்கு அடியில்.

அவள் கரண்டியைப் பிடித்தபடி நின்றாள்.

"வாண்டா."

குளோவிஸின் குரல். அச்சு அசலாக அவன் குரலேதான்.

அவன் கிணற்றில் இருக்கிறான். அவன் வருவதற்கு இன்னும் நாள் இருக்கிறது. அவள் அதையே வாய்க்குள் சொல்லிக்கொண்டாள்.

"வாண்டா, கொக்கி விழுந்துடுச்சு. வந்து தெறந்து விடு, செல்லம்."

எத்தனை தந்திரம் அந்தக் கிழவனுக்கு, செல்லம் என்பது வரைக்கும் தெரிந்து வைத்திருக்கிறான் என்று அவள் திட்டினாள். ரேடியோவைத் திருகினாள். பாட்டுக்கு நடுவிலும் தட்டல் கேட்டது.

"நீ எம் புருஷன் இல்ல!" என்று கூவிக் குதிகாலால் தரையை ஓங்கி மிதித்தாள். "போ! எங்கயாவது ஒழிஞ்சு போ!"

தட்டல் நின்றது.

பிறகு அழுகை. ஆண் அழும் குரல். அவள் காதைப் பொத்திக்கொண்டாள்.

வரிசை முழுக்க விளக்கு எரிந்தது. எல்லாரும் சாப்பாட்டு நேரத்தில் விழித்துத்தான் இருந்தார்கள்.

வெகுநேரம் கழித்து ஒரு தட்டல், பின் வெகுநேரம் ஒன்றுமில்லை. அப்புறம் வால்வு இழுபட்டு, தண்ணீர் பாய்ந்து காலியானது. இன்றைய வேலையும் முடிந்தது என்று வாண்டா ஆண்டவருக்கு நன்றி சொன்னாள். பீன்ஸில் உப்பில்லாததைக்கூட கவனிக்காமல் சாப்பிட்டுவிட்டுப் படுத்தாள்.

காலையில் காற்று அடங்கியிருந்தது. கதவைத் தள்ளித் திறந்து வெளியே வந்தவள் டிரெய்லரின் பின்பக்கம் ஒரு பனிமேட்டைப் பார்த்தாள். மேட்டிலிருந்து ஒரு டிரக்கின் பக்கவாட்டுக் கண்ணாடி நீட்டிக்கொண்டிருந்தது. அதில் அவள் கட்டிவிட்ட சிவப்பு ரிப்பன் தொங்கியது.

புயலுக்காகக் கிணற்றை மூடி ஆட்களை வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். வந்து இறங்கியவன் பாவாடைக் கதவு காற்றில் அடித்துக்கொண்டிருப்பதைப் பார்த்திருப்பான். வரிசை உறைந்துவிடுமே, இடம் போய்விடுமே என்று வீட்டுக்குள் வராமல் நேராக அடியில் நுழைந்திருக்கிறான். அவ்வளவுதான் நடந்தது.

அவள் வெறுங்கையால் பனியைத் தோண்டினாள். விரல்களில் ரத்தம் வந்தது, அவளுக்கு உறைக்கவில்லை. கொக்கியை நீக்கி உள்ளே தவழ்ந்தாள். குளோவிஸ் சமையலறைக்கு நேர் கீழே மல்லாந்து கிடந்தான். ஒரு கை மேலே தூக்கியபடி நின்றுபோயிருந்தது. அவள் குதிகாலால் மிதித்த இடத்துக்கு நேர் கீழே அவனுடைய உள்ளங்கை பலகையோடு ஒட்டியிருந்தது.

அவளுடைய ஓலத்துக்கு வரிசை வெளியே வந்தது. அவனை இழுத்துத் தார்ப்பாயில் கிடத்தினார்கள்.

"உங்களுக்கும் கேட்டுச்சா?" என்று வாண்டா கேட்டாள்.

லோர்னா தன் பூட்ஸையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

டெல்பர்ட் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். "நடந்தது நடந்துடுச்சும்மா. ஷெரீஃப் கிட்டச் சொல்லாம கொஞ்ச நாள்... பனி உருகட்டும், நல்லபடியா அடக்கம் பண்ணிடலாம். குழாயை நாங்க பாத்துக்குறோம்."

அவள் அவர் முகத்தில் காறித் துப்பினாள். உள்ளே போய்க் கதவைத் தாழிட்டு, ஓடிக்கொண்டிருந்த குழாயை இரண்டு கையாலும் இறுக்கி மூடினாள்.

"உறைஞ்சு சாவுங்கடா எல்லாரும்!" என்று ஜன்னல் வழியாகக் கத்தினாள்.

வெளியே கெஞ்சினார்கள். லோர்னா படுத்திருக்கும் புருஷனைச் சொல்லி அழுதாள். யாரோ கதவை உதைத்தார்கள். வாண்டா தரையில் உட்கார்ந்து, மூடிய குழாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளிடம் மிச்சமிருந்தது அந்த ஒரு பழிதான்.

குழாயின் திருகு அசைந்தது.

அவள் பாய்ந்து பிடித்தாள். அது அவள் பிடிக்குள்ளேயே மெதுவாக, விடாமல் திரும்பியது.

தண்ணீர் வந்தது, சரியாகப் பென்சில் தடிமனுக்கு.

வெளியே நின்றவர்களுக்கும் தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது. கெஞ்சல் நின்றது. தொப்பிகளை மாட்டிக்கொண்டு ஒவ்வொருவராக வீட்டுக்குத் திரும்பினார்கள்.

தரைக்கு அடியில் வைக்கோல்மேல் ஓர் உடம்பு இழுபடும் சத்தம் கேட்டது. அதற்குப் பின்னாலேயே, இன்னும் பழகாத ஒரு தடுமாற்றத்தோடு, இன்னொன்று.

தண்ணீர் போகும் துளைக்குள்ளிருந்து குளோவிஸ் அன்பாகச் சொன்னான்.

"நீ தூங்கு, செல்லம். இனிமே நாங்க ரெண்டு பேரும் பாத்துக்குறோம்."