மேதகு கரப்பானும் ஒரு கும்பிடும்

செவ்வாய்க் கிரகத்தின் நான்காம் குமிழ்க் குடியிருப்பில் யாரும் பல் தேய்ப்பதற்கு முன்னாலேயே அவர்களுடைய கண் வாக்குமூலம் கொடுத்துவிடும். இமைக்குள் பதித்த விழிமானி, முந்தின நாள் எதை எத்தனை நொடி பார்த்தோம் என்பதைக் காலை ஆறு மணிக்கு நிர்வாகத்திடம் ஒப்பித்துவிடும். ஆயிரம் பேர் பார்க்கிற மாதிரி எதையாவது படைத்தவர் கலைஞர். அவருக்கு ஜன்னல் வைத்த அறை. பார்க்க ஆளில்லாத கலைஞருக்குப் பாசித்தொட்டி கழுவும் வேலை. குமிழுக்கே மூச்சுக்காற்று தரும் தொட்டிதான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அந்த வாடை ஏழு தண்ணீர் ஊற்றினாலும் போகாது, செவ்வாயில் ஒரு தண்ணீருக்கே வழியில்லை.

வடிவுக்கும் அந்தத் தொட்டிப் பயம் வந்துவிட்டது. ஆறு வருடமாக அவள் ‘மேதகு கரப்பான்’ என்ற வலைச்சித்திரக் கதையை வரைந்து வந்தாள். பூமியிலிருந்து அரிசி மூட்டைக்குள் ஒளிந்து வந்த கரப்பான்பூச்சி ஒன்று, தன்னைக் குமிழுக்கே ராஜாவாக நினைத்துக்கொள்ளும் கதை. ஒரு காலத்தில் ஓஹோவென்று ஓடியது. இப்போது முந்நூறு பேர் பார்த்தால் அதிகம்.

“அசையாத படத்த எவன் பாக்கான்?” என்றார் கலைப்பிரிவு அதிகாரி முப்பிடாதி. “மூணு மாசம் டயம் தாரேன். அத அசைய வை தாயி. இல்லன்னா தொட்டிதான்.”

வடிவு ஓர் அசைவியை வரவழைத்தாள். நிற்கிற படத்தை நடக்க வைக்கும் ரோபோ அது. மீசை தனி, கால் தனி, பின்னாலிருக்கும் சுவர் தனி என்று ஒவ்வொரு படத்தையும் அப்பளக்கட்டு மாதிரி பிரித்துக் கொடுக்கச் சொன்னது. கரப்பானுக்கு ஆறு கால் என்பது வரையும்போது அவளுக்கு உறைக்கவில்லை.

“இரண்டு கால்களைக் குறைத்துக்கொள்ளலாமா?” என்று பணிவாகக் கேட்டது அசைவி.

“உன் கையில ரெண்டக் குறைப்போமா?” என்றாள் வடிவு.

மூன்று மாதம் சோறு தண்ணி இல்லை. தினமும் காலையில் குடும்பக் குழுவில் சித்தப்பா சுடலைமுத்து ஏதாவது பூப்படம் அனுப்புவார். வடிவு அதைத் திறக்காமலே ஒரு கும்பிடு போட்டுவிட்டு வேலையைப் பார்ப்பாள். போடாவிட்டால், ‘படிச்ச திமிரு’ என்று அத்தைமார் ஆரம்பித்துவிடுவார்கள்.

பன்னிரண்டு நிமிட அசைசித்திரம் வெளியானது. தண்ணீர்க் குழாய்க்கு முன்னால் கரப்பான் கைகூப்பி, “ஒரு சொட்டு போதும் தாயே” என்று கெஞ்சும் இடத்தை வடிவே மூன்று தடவை திருப்பிப் போட்டுப் பார்த்தாள். பார்த்தவர்களோ பதினாறு மடங்கு வேகத்தில் தள்ளிவிட்டுப் போனார்கள். முழுசாகப் பார்த்தது நான்கு பேர். அதில் ஒருவர் கண்ணைத் திறந்துகொண்டே தூங்கும் வியாதிக்காரர்.

ஒரு வாரம் கழித்து முப்பிடாதி கூப்பிட்டனுப்பினார்.

“ஒரு கரப்பான் படத்த நாப்பதாயிரம் பேரு பாத்திருக்காவ!”

வடிவு நாற்காலியிலிருந்து எழுந்தேவிட்டாள். திரையில் அவளுடைய கரப்பான் கைகூப்பி நின்றது. அசையவில்லை. ஓடுகிற படத்தை நிறுத்தி வெட்டி எடுத்திருந்தார்கள். சுற்றிலும் ரோஜாப்பூ. அவள் கையெழுத்து இருந்த மூலையில் ‘இனிய காலை வணக்கம்’.

“சார், இது என் கரப்பான்!”

“சுடலைமுத்து பேர்லல்லா பதிஞ்சிருக்கு. மொதல்ல அனுப்புனவர்தான் கலைஞர். சட்டம் அப்படி.”

“அவரு எங்க சித்தப்பா! அவருக்கு நேரா ஒரு கோடு போட வராது சார்!”

“ஆட்சேபம் இருந்தா அன்னைக்கே சொல்லியிருக்கணும். நீயே ஒத்துக்கிட்டியே தாயி.” அவர் பதிவை எடுத்துக் காட்டினார். வடிவின் விழிமானி. படம் வந்தது காலை ஆறு நான்குக்கு. பார்த்த நேரம், பூஜ்யம். பதில், ஒரு கும்பிடு.

ஜன்னல் அறை சித்தப்பாவுக்குப் போயிற்று. தொட்டிக்குள் இடுப்பளவு பாசியில் வடிவு நின்ற முதல் காலையில், இமைக்குள் விரியும் குடும்பக் குழுவில் மறுபடியும் அதே கரப்பான் வந்தது. கூடவே சித்தப்பாவின் குரலும் வந்தது.

“நீயும் வருசக்கணக்கா வரையுத. இது மாதிரி நாலு பேரு பாக்கும்படியா ஒண்ணு வரையக் கூடாதா, வடிவு?”

நறுக்கென்று நாலு வார்த்தை எழுதினாள். அழித்தாள். அதற்குள் அத்தை, மாமா, மதினி எல்லாரும் போட்டாயிற்று.

அவளும் ஒரு கும்பிடு போட்டாள்.