மூடி வைத்த தொட்டி

அந்த ஒற்றை இழை மட்டும் சாயாமல் நின்றது.

கூடத்து மீன்தொட்டியின் இடது மூலையில் இருந்த பம்பு தள்ளும் நீரோட்டத்தில் பவளங்களின் விரல்கள், மணலில் படிந்த துகள்கள், கோமாளி மீன்களின் வால்கூட வலப்பக்கமே ஒதுங்கும். பாறை இடுக்கில் தலைமயிர் போல முளைத்திருந்த அந்தப் பச்சை இழையோ ஓட்டத்தை மதிக்காமல், மேலே எரிந்த நீல விளக்கை நோக்கி விறைத்து நின்றது. கிளினிக்கிலிருந்து வந்த பல் மருத்துவர் தோள்பையைக்கூட இறக்காமல், கண்ணாடியில் மூக்கு உரசக் குனிந்து பார்த்தாள்.

"பாறைக்குத் தாடி முளைச்சிருக்கு போலிருக்கே, டாக்டரம்மா," என்றார் அவள் கணவர். பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். விடுமுறையென்பதால் வீட்டில்தான் இருந்தார். "ஷேவ் பண்ணிடலாமா?"

"சிரிக்காதீங்க. இது பரவினா பவளமெல்லாம் மூச்சு முட்டிச் செத்துடும்."

பரவத்தான் செய்தது. மீன் தீனியைப் பாதியாகக் குறைத்தாள். சுத்திகரித்த தண்ணீரில் உப்பு கலந்து மாற்றி ஊற்றினாள். பாசி மேயும் நத்தைகளை வாங்கி விட்டாள். பாறையைப் பழைய பல்துலக்கியால் தேய்த்தாள். தேய்த்த இடமெல்லாம் முன்னைவிட அடர்த்தியாக வளர்ந்து நின்றது. பிடுங்கும்போது இழைகள் எளிதில் விடுவதில்லை. ஈறிலிருந்து பல் கழன்று வருவதுபோல ஒரு சின்ன இழுப்பு, ஒரு தயக்கம், பிறகுதான் வரும். தண்ணீரிலிருந்து உப்பு வாசனைக்குப் பதில், சீழ் கட்டிய பல்லைத் திறக்கும்போது எழுகிற அந்த இனிப்பும் அழுகலும் கலந்த வாடை லேசாக எழுந்தது. அதை அவள் கணவரிடம் சொல்லவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை இருவருமாகத் தொட்டியைச் சுத்தம் செய்தார்கள். அவள் முழங்கை வரை கையை விட்டுப் பாசியைப் பிய்க்க, அவர் ரப்பர் குழாயின் நுனியை வாயில் வைத்து உறிஞ்சி அழுக்குத் தண்ணீரை வாளிக்கு இறக்கினார்.

"வாயால உறிஞ்சாதீங்கன்னு எத்தனை தடவை சொல்றது?"

சொல்லி முடிப்பதற்குள் புரையேறிவிட்டது. கண்ணில் நீர் வர இருமினார். பிறகு நாக்கைச் சப்புக்கொட்டி, "உப்பு கரெக்டா இருக்கு," என்றார். அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

கடைசியில் மீன்கடைக்காரருக்குப் போன் செய்தாள்.

"மேடம், பாசிக்கு வெளிச்சம்தான் சாப்பாடு. விளக்கை அணைச்சிட்டு, கறுப்புத் துணி போட்டுச் சுத்தமா மூடிடுங்க. கொஞ்ச நாள் பட்டினி போட்டா வெளுத்துப்போய் உதிர்ந்துடும். பவளம் தாங்கிக்கும், பயப்படாதீங்க."

இரண்டு கறுப்புப் போர்வைகளால் தொட்டியைச் சுற்றிக் கட்டினாள். கூடத்தின் நடுவே அது போர்த்திப் படுத்திருக்கும் ஆள் மாதிரி இருந்தது. பம்பின் முனகலும், வடிகட்டியில் தண்ணீர் விழுகிற சலசலப்பும் துணிக்குள்ளிருந்து கேட்டபடி இருந்தன. அடுத்த நாள் அவற்றுக்கு நடுவே இன்னொரு சத்தம் சேர்ந்துகொண்டது: கண்ணாடியை உள்ளிருந்து யாரோ ஈர விரலால் மெல்ல, பொறுமையாக, அடியிலிருந்து மேல்வரை தடவிக்கொண்டு போவதுபோல. நத்தையாக இருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

கணவர் வேடிக்கை பேசுவதை விட்டுவிட்டார். தொண்டை கரகரக்கிறது என்றார்.

"வாயைத் திறங்க, பார்க்கிறேன்."

உதடுகளை இறுக்கிக்கொண்டு தலையை ஆட்டினார். சின்னப் பிள்ளை மாதிரி அடம் பிடிக்கிறாரே என்று நினைத்தாள்.

சாப்பாடு வேண்டாமென்றார். காலையில் நாற்காலியைக் கிழக்கு ஜன்னலுக்கு இழுத்துப் போட்டுக்கொள்வார். மாலையில் அதே நாற்காலி மேற்கு அறையில் இருக்கும். வெயில் முகத்தில் சுள்ளென்று விழும்; கண் கூசாது, வியர்க்காது.

"உடம்புக்கு என்ன பண்ணுது? ஆஸ்பத்திரிக்குப் போகலாம், வாங்க."

"நல்லாயிருக்கு," என்றார். வாயை அதிகம் திறக்காமல், பல்லுக்கிடையில். "இங்க நல்லாயிருக்கு."

துணியை அவிழ்க்க வேண்டிய நாள் வந்தது. கிளினிக்கிலிருந்து சீக்கிரமே திரும்பிவிட்டாள். கூடத்தில் அந்த வாடையே இல்லை. முடிச்சை அவிழ்த்தாள். போர்வை சரிந்தது.

பாசி இல்லை.

வெளுத்த பாசியும் இல்லை. உதிர்ந்த குப்பையும் இல்லை. பாறைகள் கழுவி அடுக்கியதுபோல இருந்தன. நத்தைகளின் ஓடுகள் மட்டும் மணலில் கிடந்தன. எல்லாம் காலி. ஒரு கணம் அவளுக்கு நிம்மதியாகக்கூட இருந்தது.

அப்புறம்தான் மீன்களைப் பார்த்தாள்.

போர்வையின் மேல்பக்கம் பொத்தான் அளவுக்கு ஓர் ஓட்டை இருந்திருக்கிறது. அதற்கு நேர் கீழே, வெளிச்சம் விழுந்திருக்கக்கூடிய அந்த ஒரே இடத்தில், கோமாளி மீன்கள் இரண்டும் நீர்மட்டத்தை ஒட்டிச் செங்குத்தாக நின்றன. உயிரோடுதான் இருந்தன. செவுள்கள் அசைந்தன. வாய்கள் மட்டும் திறந்தபடி. மூடவேயில்லை. உள்ளே பச்சை, விளிம்பு வரை அடைத்துக்கொண்டு.

குழாய். அவருக்குப் புரையேறியது. விழுங்கியிருப்பார்.

"என்னங்க?"

கூப்பிட்டபடியே உள்ளே போனாள்.

மேற்கு அறைக் கதவு ஒருக்களித்திருந்தது. அவர் ஜன்னலருகே நின்றார். இறங்கும் வெயில் முகம் முழுக்க அடித்தது. தலை பின்னால் சாய்ந்திருந்தது. வாய் திறந்திருந்தது.

ஒரு மனிதத் தாடை எவ்வளவு தூரம் திறக்கும் என்பது அவளுக்குத் தெரியும். தினமும் பார்க்கிறவள். இது அதைத் தாண்டியிருந்தது.

ஓடிப்போய் ஜன்னல் திரையை இழுத்து மூடினாள். மூச்சு நின்றது. அவருடைய மூச்சு. மார்பு அப்படியே அடங்கிவிட்டது. கன்னத்தில் அறைந்தாள். உலுக்கினாள். ஒன்றுமில்லை. திரையைத் திறந்தாள். நீளமாய், ஈரமாய், ஓர் உள்ளிழுப்பு. மார்பு எழுந்தது.

சூரியன் எதிர்க்கட்டடத்துக்குப் பின்னால் இறங்கிக்கொண்டிருந்தது.

அறை விளக்கைப் போட்டாள். போதவில்லை. மூச்சு இழுத்தது, விட்டது, இழுத்தது, திணறியது. கூடத்துக்கு ஓடினாள். தொட்டியின் நீல விளக்கைக் கொக்கியிலிருந்து பிடுங்கிக்கொண்டு வந்தாள். சுவிட்சைப் போட்டு, இரண்டு கையாலும் அவர் முகத்துக்கு மேல் தூக்கிப் பிடித்தாள்.

மூச்சு சீரானது.

கனமான விளக்கு. தோள் கடுத்தது. கூடத்தில் அவளுடைய போன் அடித்து ஓய்ந்தது. மறுபடி அடித்தது. கையை இறக்க முடியாது. விளக்கு ஒரு அங்குலம் விலகினாலும் அவர் குதிகால் தரையை விட்டு எழும்புகிறது, தாடை இன்னும் கொஞ்சம் விரிகிறது.

அவர் தாடை மூட்டில் ஏதோ கழன்றது. தாடை மெல்லச் சரிந்து மார்பின்மேல் வந்து நின்றது. அவர் கண்கள் மட்டும் அவளைப் பார்த்தன. அழுதன. நாக்கு இருக்க வேண்டிய இடத்திலிருந்து, நீல வெளிச்சத்தில், பச்சை மெதுவாக எழுந்து வந்தது.